கேடயமும் கொடியும்: சூப்பர் ஹீரோ படங்களில் நாட்டுப்பற்று குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் மாணவர்களோடு சேர்ந்து படம் பார்த்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் பேச்சு சீக்கிரம் முடிவதில்லை. பெற்றோர் ஒரு பக்கம், மாணவர்கள் ஒரு பக்கம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு பக்கம் என்று கேள்விகள் வரும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வட்டாரம் இது. நாட்டுப்பற்றை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே தருகிறேன். படங்களின் முடிவுகளும் இதில் வரும் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்றைய சூப்பர் ஹீரோ படங்களில் நாட்டுப்பற்று குறைந்துவிட்டதா?

இல்லை என்பதே என் கருத்து. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவதுதான் நாட்டுப்பற்று என்ற எண்ணம் குறைந்திருக்கிறது. நாடு தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று கேட்கும் நாயகர்கள் வந்திருக்கிறார்கள். இந்த மாற்றம் திடீரென்று நடந்ததும் இல்லை, முழுக்கப் புதியதும் இல்லை.

முதன்முதலில் இவர்கள் எப்படி இருந்தார்கள்?

சூப்பர்மேன் 1938இல் வந்தார். அவரை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். முதல் இதழில் அந்த நாயகன் யாரை எதிர்த்தான் என்று பாருங்கள். மனைவியை அடிக்கும் கணவன், செனட் உறுப்பினரை விலைக்கு வாங்கும் தரகன். எதிரி நாட்டுப் படை எதுவும் அதில் இல்லை. உள்ளூர் அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் ஆளாகத்தான் அவன் பிறந்தான். 'உண்மை, நீதி, அமெரிக்க வழி' என்ற முழக்கம், போர் நடந்துகொண்டிருந்த 1942இல், வானொலித் தொடரின் வழியாகச் சேர்ந்தது.

கேப்டன் அமெரிக்காவின் பிறப்பு வேறு வகை. ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் உருவாக்கிய முதல் இதழ் 1941 மார்ச் என்ற தேதியோடு, அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கடைக்கு வந்தது. அட்டையில் நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருந்தது. போர் நமக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்நாட்டில் ஏராளம். ஹிட்லரை ஆதரித்தவர்களும் உண்டு. அட்டையைப் பார்த்துச் சினம் கொண்டவர்கள் மிரட்டல் விடுக்க, நியூயார்க் மேயர் லகார்டியாவே அந்தப் படைப்பாளிகளுக்குப் பாதுகாப்புத் தருவதாக உறுதியளித்தார். ஆக, கொடியை உடுத்திய அந்த நாயகன் தன் அரசாங்கம் இன்னும் எடுக்காத நிலைப்பாட்டைத்தான் முதலில் எடுத்தான். மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் 'சொன்னதைச் செய்யும்' நாயகன் எங்கிருந்து வந்தான்?

பெரும்பகுதி 1954இலிருந்து. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற அச்சம் அமெரிக்காவில் பரவிய ஆண்டு அது. அரசு சட்டம் போடுவதற்கு முன்பே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள், நீதிபதிகள், அரசு அதிகாரிகள், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியவற்றின் மீது மரியாதை குறையும்படி எதையும் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. 'அந்தக் காலத்து நாயகர்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தார்கள்' என்று ஏங்குபவர்கள் இந்த விதியை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கில் ஒரு பகுதி அச்சத்தால் வந்தது.

மாற்றம் எப்போது தொடங்கியது?

வாட்டர்கேட் ஊழலில் அதிபர் நிக்சன் பதவி விலகிய 1974இல், காமிக்ஸில் கேப்டன் அமெரிக்கா தன் பெயரையும் உடையையும் துறந்து, 'நாடோடி' என்ற வேறு பெயரில் சிறிது காலம் திரிகிறார். திரைக்கு இந்த மனநிலை வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2001 செப்டம்பர் தாக்குதலும் அதைத் தொடர்ந்த ஆப்கானிஸ்தான், இராக் போர்களும் இடையில் வந்தன.

2008இல் வெளியான இரண்டு படங்களைச் சொல்கிறேன். 'அயர்ன் மேன்' நாயகன் ஆயுத வியாபாரி. ஆப்கானிஸ்தானில் அவன் மீது வெடித்த குண்டில் அவனுடைய கம்பெனிப் பெயரே எழுதியிருக்கிறது. ஊர் திரும்பியதும் ஆயுத உற்பத்தியை நிறுத்துகிறான். 1963இல் காமிக்ஸில் அதே நாயகன் காயம்பட்டது வியட்நாமில். அடுத்தது 'தி டார்க் நைட்'. ஒரு குற்றவாளியைப் பிடிக்க நகரத்தில் உள்ள அத்தனை பேரின் செல்போன்களையும் ஒட்டுக்கேட்கும் கருவியை பேட்மேன் உருவாக்குகிறார். உடன் வேலை பார்க்கும் லூசியஸ் ஃபாக்ஸ், இந்தக் கருவி இருக்கும் வரை நான் இங்கே இருக்க மாட்டேன் என்கிறார். பாதுகாப்புக்காக எவ்வளவு உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்வி வணிகப் படத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த வரிசையில் மிக முக்கியமான படம் எது?

என்னைக் கேட்டால் 2014இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்'. எதிர்காலத்தில் ஆபத்தாகக்கூடியவர்கள் என்று கணிக்கப்படும் லட்சக்கணக்கானோரை வானத்திலிருந்து முன்கூட்டியே கொல்ல ஒரு பாதுகாப்பு அமைப்பு திட்டமிடுகிறது. யாரும் இன்னும் குற்றம் செய்யவில்லை. தகவல்களைக் கொண்டு கணக்குப் போட்டுப் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். இது சுதந்திரம் ஆகாது, அச்சம் என்று நாயகன் மறுக்கிறான்.

எனக்கு அதில் பிடித்த ஆள் நாயகன் கூட இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண ஊழியர். கொல்லப்போகும் பறக்கும் கப்பல்களை ஏவச் சொல்லித் தலையில் துப்பாக்கியை வைக்கிறார்கள். அவர் நடுங்குகிறார், கண் கலங்குகிறது, ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்த மறுக்கிறார். அவருக்குச் சக்தி ஏதும் கிடையாது, கேடயம் கிடையாது. நாட்டுப்பற்றைப் பற்றி ஒரு மாணவருக்கு ஒரே ஒரு காட்சியைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

'சிவில் வார்' படத்தில் கேப்டன் அமெரிக்கா கையெழுத்திட மறுத்தது துரோகம் இல்லையா? நான் ராணுவத்தில் இருந்தவன், எனக்கு அது பொறுக்கவில்லை.

ஐயா, இந்தக் கேள்விக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுக்கிறேன். 2016இல் வந்த அந்தப் படத்தில், சூப்பர் ஹீரோக்களை ஐக்கிய நாடுகள் குழுவின் கட்டுப்பாட்டில் கொண்டுவர 117 நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன. அவர்களின் சண்டைகளில் அப்பாவிகள் இறந்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம், அது நியாயமான காரணம். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் கையெழுத்திடுகிறார். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் மறுக்கிறார். போகக் கூடாத இடத்துக்கு அனுப்பினாலும், போக வேண்டிய இடத்துக்கு விடாவிட்டாலும் என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

கட்டுப்பாடில்லாத படை ஆபத்து என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அந்த வகையில் டோனியின் பக்கம் வலுவானது. துரோகம் என்ற தீர்ப்போடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து ஆடுவார்கள். அங்கே இந்த வழக்கு விடிய விடிய நடக்கிறது. துரியோதனனின் தரப்பு தவறு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் உயிரைக் கொடுக்கிறான். சபையில் திரௌபதிக்காக வாதாடிய விகர்ணன், போர் என்று வந்ததும் அண்ணன் பக்கம் நின்றே மடிகிறான். விதுரன்தான் வேறு. அரசன் சபையிலேயே தன்னை இழிவுபடுத்தியதும், 'இனி உனக்காக இதை எடுக்க மாட்டேன்' என்று தன் வில்லை முறித்துப் போடுகிறான். விதுரனை யாரும் அத்தினாபுரத்தின் துரோகி என்று சொன்னதில்லை. கர்ணனுக்கு அழுகிறோம், விதுரனை மதிக்கிறோம். நம் கூத்து மேடை இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

'சிவில் வார்' கடைசியில் ஸ்டீவ் தன் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு நடக்கிறார். அதை நான் முறித்த வில்லோடு சேர்த்தே பார்க்கிறேன்.

1806 வேலூர்ப் புரட்சியை இந்தப் படங்களோடு சேர்த்துப் பேசுவது பொருத்தமா?

அளவோடு பேசினால் பொருத்தம். கதைகளை வைத்து வரலாற்றைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் சீருடை அணிந்தவன் ஆணையை மறுக்கலாமா என்ற கேள்வி இரத்தத்தோடு கேட்கப்பட்ட இடம் நம் கோட்டை.

1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தலைப்பாகைக்குப் பதில் ஐரோப்பியத் தொப்பியைப் போன்ற ஒன்றை அணிய வேண்டும், அதில் தோல் குஞ்சம் வேறு. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் அங்கேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்கள் கொல்லப்பட்டார்கள், தூக்கத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மடிந்தார்கள். பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்களும் உண்டு. பிறகு அந்த உடை விதி கைவிடப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கும்பினியின் ஏட்டில் அந்தச் சிப்பாய்கள் துரோகிகள். நமக்கு அவர்கள் வீரர்கள், நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறோம், 2006இல் அஞ்சல்தலையும் வந்தது. அதே சிப்பாய்கள் அதற்கு முந்தைய நாள் வரை கும்பினியின் சம்பளத்தில்தான் இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விசுவாசம் யாருக்கு என்ற கேள்வியின் முழுக் கனமும் அப்போதுதான் தெரியும். கோட்டையைச் சுற்றிக் காட்டும் ஒவ்வொரு ஆசிரியரும் இதைப் பேச வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என் மகன் பள்ளிப்பையில் அமெரிக்க நட்சத்திரக் கேடயம் போட்டிருக்கிறது. இது சரியா?

அம்மா, கவலைப்படாதீர்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது, அவன் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றின் நாயகன். அதைப் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாரும் பிரிட்டிஷ் விசுவாசிகள் ஆகவில்லை. மின்சாரம் பட்டதும் மறையும் அந்த மனிதனை எடுத்துக்கொண்டார்கள், கொடியை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்கா என்றதும் வேலூர்க்காரர்களுக்கு நினைவு வருவது ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மருத்துவம் இன்றி இறந்ததைப் பார்த்து, மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900இல் இங்கே சிகிச்சையைத் தொடங்கியவர் அவர். அது இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. வேறு நாட்டுக் கொடியைக் கண்டு பதறும் பழக்கம் நம் ஊருக்குக் கிடையாது. உங்கள் மகனிடம் அந்தக் கேடயக்காரர் எதற்காகச் சண்டை போட்டார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் பை நல்ல பைதான்.

சூப்பர்மேன் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தது உண்மையா?

2011இல் காமிக்ஸ் இதழ் ஒன்றின் சிறுகதையில் அப்படி அறிவிக்கிறார். தெஹ்ரானில் போராட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றதை ஈரான் அரசு அமெரிக்காவின் செயலாகப் பார்த்ததுதான் காரணம். 2021இல் அவருடைய முழக்கமும் 'உண்மை, நீதி, மேலும் நல்ல நாளை' என்று மாறியது. 2025இல் வந்த படத்தில், அமெரிக்காவுக்கு வேண்டிய நாடு ஒன்று பக்கத்து நாட்டின் மீது படையெடுப்பதை யாரையும் கேட்காமல் தடுத்து, தன் அரசின் கோபத்துக்கு ஆளாகிறார்.

கொள்கைதான் காரணமா, உலகச் சந்தை காரணமா?

இரண்டும். 2011இல் முதல் கேப்டன் அமெரிக்கா படம் ரஷ்யா, உக்ரைன், தென்கொரியா ஆகிய நாடுகளில் 'கேப்டன் அமெரிக்கா' என்ற பெயர் நீக்கப்பட்டு, 'முதல் அவெஞ்சர்' என்றே வெளியானது. 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, விஜய் சேதுபதி அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தார். உலகம் முழுக்க டிக்கெட் விற்க வேண்டிய படத்தில் ஒரு நாட்டின் கொடி பெரிதாகப் பறக்க முடியாது.

இந்தப் படங்களுக்கு அமெரிக்க ராணுவம் உதவுகிறதா?

சிலவற்றுக்கு. 'அயர்ன் மேன்' படத்துக்கும், 2019இன் 'கேப்டன் மார்வெல்' படத்துக்கும் உதவியது. 2012இன் 'தி அவெஞ்சர்ஸ்' படத்திலிருந்து பாதுகாப்புத் துறை விலகிக்கொண்டது. கதையில் வரும் உலகப் பாதுகாப்பு அமைப்புக்கு அமெரிக்கப் படை கட்டுப்பட்டதா, இல்லையா என்று தெளிவாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். விமானமும் தளமும் இரவல் வாங்கினால் திரைக்கதையையும் காட்ட வேண்டும். பார்க்கும்போது இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

சாம் வில்சன் கேப்டன் அமெரிக்கா ஆனதை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பேச வேண்டிய விஷயம் என்பதால்தான். பின்னொரு படத்தில் ஸ்டீவ் தன் கேடயத்தைத் தன் நண்பரும் கறுப்பினத்தவருமான சாமிடம் கொடுக்கிறார். 2021இல் வந்த 'தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' தொடரில் சாம் அதை உடனே ஏற்கவில்லை. ஐசையா பிராட்லி என்ற முதியவரைச் சந்திக்கிறார். ஸ்டீவைச் சூப்பர் ஹீரோ ஆக்கிய மருந்தைக் கறுப்பின வீரர்கள் மீது சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிழைத்த அந்த வீரரைப் பாராட்டாமல் முப்பது ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். சுயமரியாதை உள்ள எந்தக் கறுப்பினத்தவனும் அந்த நட்சத்திரத்தை அணிய மாட்டான் என்று அவர் குமுறுகிறார். இருந்தும் சாம் கடைசியில் கேடயத்தை ஏற்கிறார். கதைக்குப் பின்னால் உண்மையும் உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் என்னும் சிஃபிலிஸுக்கான சிகிச்சையை மறுத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அரசு.

பழைய வடஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தபோது வேலூர்ப் பகுதி அம்பேத்கர் பெயரைத் தாங்கியது. 1931இல் காந்தியைச் சந்தித்தபோது, எனக்குத் தாய்நாடு இல்லை என்று அம்பேத்கர் சொன்னார். நாயைவிட, பூனையைவிடக் கேவலமாக நடத்தப்படும் மண்ணை எப்படி என் நாடு என்பேன் என்பது அவருடைய வேதனை. அப்படிச் சொன்னவர்தான் இந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஐசையாவின் கோபத்தையும் சாமின் முடிவையும் ஒரே ஆள் தன் வாழ்வில் சுமந்ததைப் போன்றது அது. ஒதுக்கப்பட்டவர் ஒரு நாட்டை நேசிக்கும்போது அந்த நேசத்தில் கேள்வி இருந்தே தீரும். அதைக் குறையாகப் பார்ப்பவர்களோடு நான் எப்போதும் வாதிடுவேன்.

'பிளாக் பாந்தர்' இதில் எங்கே வருகிறது?

2018இல் வந்த அந்தப் படத்தின் வகாண்டா, தன் செல்வத்தை மறைத்து, எல்லையை மூடிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்த கற்பனை ஆப்பிரிக்க நாடு. வெளியே தம் இனத்தவர் துன்பப்பட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எதிரி கேட்கிறான். அவன் வழி கொடூரமானது, கேள்வி நியாயமானது. கடைசியில் அரசன் கதவைத் திறக்கிறான். வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கும் தெருக்களில், வங்காள எழுத்துப் பலகைகளுக்கு நடுவே வளரும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் சட்டென்று புரிகிறது.

தமிழில் இப்படிப்பட்ட படங்கள் ஏன் குறைவு?

முயற்சிகள் உண்டு. 2012இல் 'முகமூடி', 2019இல் 'ஹீரோ', 2023இல் 'மாவீரன்'. மலையாளத்தில் 2021இல் வந்த 'மின்னல் முரளி' ஒரு சிற்றூர்த் தையல்காரனை நாயகன் ஆக்கியது. நம் சினிமாவில் அந்த வேலையைச் சாதாரண நாயகர்களே செய்துவிடுகிறார்கள். 1996இன் 'இந்தியன்' கிழவர் விடுதலைப் போராட்ட வீரர், லஞ்சம் வாங்கியவர்களைக் கொல்கிறார், பெற்ற மகனையும் விடவில்லை. அவருடைய எதிரி எல்லைக்கு அப்பால் இல்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு தனிமனிதர் கத்தியோடு தீர்ப்பு எழுதுவதை மட்டும் என்னால் கொண்டாட முடியவில்லை.

இந்தப் படங்களில் உங்களுக்குப் பிடிக்காதது?

தைரியமாகக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலில் நழுவுவது. 'வின்டர் சோல்ஜர்' படத்தில் அந்தக் கொலைத் திட்டத்துக்குக் காரணம் அமைப்புக்குள் ஊடுருவிய ஹைட்ரா என்ற சதிக்கூட்டம் என்று முடித்துவிடுகிறார்கள். நல்லவர்கள் என்று நம்பப்படும் அதிகாரிகளே அச்சத்தால் அத்தகைய திட்டத்தைத் தீட்டினால் என்ன செய்வது? அதைப் படம் தொடவில்லை. 'சிவில் வார்' படத்திலும் ஒப்பந்தம் பற்றிய வாதம் பாதியில் நின்று, தன் பெற்றோரைக் கொன்றவன் மீது டோனி கொள்ளும் பழிவெறியாக மாறுகிறது. மக்கள் கூட்டமாக நின்று எதையாவது மாற்றுவதை இந்தப் படங்கள் அரிதாகவே காட்டுகின்றன. அங்கே மக்கள் இடிபாடுகளுக்கிடையே ஓடுபவர்கள், அவ்வளவுதான்.

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எந்த வரிசையில் காட்டலாம்?

தணிக்கைச் சான்றிதழில் இப்போது 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு 2011இன் முதல் கேப்டன் அமெரிக்கா படம் போதும். அதிலேயே நாயகன் மேலதிகாரியின் சொல்லை மீறிப் போய்ச் சிறைபட்ட வீரர்களை மீட்கிறான். சற்றுப் பெரியவர்களுக்கு 'வின்டர் சோல்ஜர்', பிறகு 'சிவில் வார்', அதன் பிறகு 2021இன் தொடர். முதலிலேயே 'சிவில் வார்' போட்டால் யார் யாரை அடித்தார்கள் என்ற பேச்சிலேயே மாலை கழிந்துவிடும்.

படம் முடிந்ததும் என்ன கேட்பது?

யார் பலசாலி என்று கேட்காதீர்கள், அதை அவர்களே பேசிக்கொள்வார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஊழியர் ஏன் மறுத்தார் என்று கேளுங்கள். டோனி சொன்னதில் எது சரி என்று, கேப்டன் ரசிகர்களைப் பார்த்துக் கேளுங்கள். ஐசையாவின் இடத்தில் இருந்தால் அந்தக் கேடயத்தைத் தொடுவாயா என்று கேளுங்கள். வீட்டில் ராணுவத்தில் இருந்த தாத்தாவோ மாமாவோ இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் மறுத்துப் பேசினால் இன்னும் நல்லது, பிள்ளைகள் பதில் சொல்லட்டும்.